‘முதல் பிள்ளை’யை வளர்த்த ஊர்: மிசிசிப்பி சோளக்கொல்லையிலிருந்து கரோலினா தோட்டம் வரை!

ஊரின் பெயரே ஃபாரஸ்ட். காடு!

அமெரிக்காவின் தெற்கே இருக்கும் மிசிசிப்பி மாநிலத்தில், தலைநகர் ஜாக்சனிலிருந்து இன்டர்ஸ்டேட் 20 நெடுஞ்சாலையில் கிழக்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் இந்த ஊர் வந்துவிடும். சாலையின் இருபக்கமும் பைன் மரங்கள். கோடையில் போனால் சித்திரை மாதத்துச் சென்னைதான். அதே வெயில், அதே புழுக்கம். ஊரின் முக்கியத் தொழில் கோழி. பெரிய பெரிய கோழிக்கறி ஆலைகள் இங்கே இருக்கின்றன. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஐயாயிரத்துச் சொச்சம். நம்மூர்க் கணக்கில் ஒரு பெரிய கிராமம். ஆனால் ஸ்காட் கவுன்டி என்ற மாவட்டத்துக்கு இதுதான் தலைமையிடம் என்பதால் நீதிமன்றம், கடைத்தெரு, வங்கி, கோல்ஃப் மைதானம் எல்லாம் உண்டு.

சுற்றுலாக் கையேடுகளில் இந்த ஊர் அதிகம் வருவதில்லை. ஆனால், ஆட்டிசம் உள்ள குழந்தையை வளர்க்கும் அம்மா அப்பாக்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டிசம் என்று மருத்துவ உலகம் முதன்முதலில் எழுதி வைத்த பிள்ளை பிறந்து, வளர்ந்து, படித்து, வேலை பார்த்து, 89 வயதில் கண்மூடிய ஊர் இது. அவர் பெயர் டொனால்ட் டிரிப்லெட். பிறந்தது 1933 செப்டம்பரில். இறந்தது 2023 ஜூனில்.

அந்த 90 ஆண்டுகளில் அவருக்கு யார், எங்கே, எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால், இன்றைய தெரபி சென்டர்களில் சொல்லித்தரும் பல விஷயங்கள் இந்த ஊரிலேயே நடந்திருப்பது தெரிகிறது. அதுவும் அந்தப் பெயர்கள் எதுவும் பிறக்காத காலத்தில்!

33 பக்கக் கடிதம்

டொனால்டின் அப்பா பீமன் வக்கீல். அம்மா மேரி ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். அவருடைய பிறந்த வீட்டுக்காரர்கள்தான் உள்ளூர் வங்கியின் சொந்தக்காரர்கள். வசதிக்குக் குறைவில்லை.

பிள்ளைதான் புதிராக இருந்தான். இரண்டரை வயதில், அவர்களுடைய திருச்சபையின் 25 கேள்வி பதில்களை அப்படியே ஒப்பிப்பான். ஆனால், அம்மா கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். கையில் கிடைக்கும் சட்டி மூடியைத் தரையில் சுழலவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். தன்னைக் குறிக்க ‘நீ’ என்பான். எதிரில் இருப்பவரை ‘நான்’ என்பான். சாமான் வைத்த இடம் மாறினால் வீடே அதிரும்படி அழுவான்.

‘இடத்தை மாற்றிப் பாருங்கள்’ என்றார்கள் டாக்டர்கள். 1937-ல், நான்கு வயதுகூட ஆகாத பிள்ளையை, காசநோய் தாக்கக்கூடிய குழந்தைகளைப் பாதுகாக்கும் ஓர் அரசு விடுதியில் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து தொலைவு. பெற்றோர் மாதம் இரண்டு முறைதான் பார்க்கலாம். ஏறக்குறைய ஒரு வருடம் அங்கே இருந்தான். இது அந்தப் பெற்றோரின் கல்நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம். ‘இப்படிப்பட்ட பிள்ளையை ஒப்படைத்துவிட்டு மறந்துவிடுங்கள்’ என்பதுதான் அன்றைய மருத்துவம் சொன்ன நல்ல வழி. மறக்காமல், விடுதித் தலைவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், 1938-ல் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தார்களே, அதுதான் அந்தக் காலத்தில் அதிசயம்.

அதன் பிறகு அப்பா ஒரு கடிதம் எழுதினார். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவருக்கு. 33 பக்கம்! பிள்ளை என்ன சாப்பிடுகிறான், எதற்குச் சிரிக்கிறான், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்று ஒன்று விடாமல் எழுதினார். 1943-ல் கேனர் 11 குழந்தைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியபோது, அதில் முதலில் வரும் பிள்ளை ‘டொனால்ட் டி.’ அந்தக் கட்டுரையில் அப்பாவின் கடிதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றும் எந்த நிபுணரிடம் போனாலும் முதலில் கேட்பது இதைத்தானே, ‘வீட்டில் எப்படி இருக்கிறான் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்’!

கிணறும் சோள வரிசையும்

ஊரிலிருந்து சுமார் 10 மைல் தள்ளி ஒரு குத்தகைப் பண்ணை இருந்தது. அங்கே லூயிஸ் என்ற குடும்பப் பெயருள்ள கணவன் மனைவி. பிள்ளைகள் இல்லை. 1942-ல், ஒன்பது வயதை நெருங்கிய டொனால்டை அவர்கள் வீட்டில் விட்டார்கள் பெற்றோர். அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தத் தம்பதி ஆட்டிசம் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால், 1945-ல் அந்தப் பண்ணைக்கு நேரில் போய்ப் பார்த்த கேனர் அசந்துபோனார். அவர் எழுதி வைத்த விவரங்கள் இவை.

டொனால்டுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். ‘அளக்காதே’ என்று அவர்கள் தடுக்கவில்லை. கிணறு ஒன்று வெட்டச் சொல்லி, அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கணக்குச் சொல்லும் வேலையைக் கொடுத்தார்கள். சோளக்கொல்லையில் வரிசைகளை எண்ணிக்கொண்டே இருப்பான், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. சரி, எண்ணு, ஏர் ஓட்டிக்கொண்டே எண்ணு என்றார்கள். கேனர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு நீண்ட வரிசைகளை உழுதான் டொனால்ட். குதிரையை அடக்குவதும், சால் முடியும் இடத்தில் கலப்பையோடு அதைத் திருப்புவதும் அவ்வளவு லாகவம்.

இன்னொன்று உண்டு. செத்த பறவை, பூச்சி எதைக் கண்டாலும் எடுத்துவந்து சேர்ப்பான். எந்த வீட்டிலும் இதற்குத் திட்டுதான் விழும். அவர்கள் பண்ணையில் ஓர் ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்து, ‘இது உன் கல்லறைத் தோட்டம், புதைத்துப் பெயர் எழுதி வை’ என்றார்கள். அவனும் ஒவ்வொன்றுக்கும் பலகை நட்டான். முதலில் ஒரு பெயர், நடுவில் அது என்ன பிராணி என்பது, கடைசியில் பண்ணைக்காரரின் குடும்பப் பெயர்! செத்த நத்தையும் லூயிஸ் குடும்பத்தில் ஒருவராகிவிட்டது. எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று, சிதறிக் கிடந்த சேகரிப்புக்கு ஓர் ஒழுங்கும் வந்தது.

பக்கத்திலிருந்த கிராமப் பள்ளிக்கும் அனுப்பினார்கள். அங்கே அவனுடைய விசித்திரங்களை யாரும் பெரிதுபடுத்தவில்லை. படிப்பு ஏறியது.

சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இன்று இதற்கு ஒரு நீளமான பெயர் சொல்வார்கள். குழந்தைக்கு எதில் ஈர்ப்பு இருக்கிறதோ அதையே பாடமாக்குவது. எண்ணுவதை நிறுத்துவதற்காக ஒரு வருடம் செலவிடுவதா, எண்ணிக்கொண்டே உழ வைப்பதா? ரயில் நேரம் மட்டுமே பேசும் பிள்ளைக்கு ரயில் நேரத்தை வைத்தே கழித்தல் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியர், 1940-களின் இந்தப் பண்ணைக்காரருக்கு நெருங்கிய சொந்தக்காரர்.

செங்கற்கள் எத்தனை?

பண்ணையிலிருந்து திரும்பிய டொனால்ட், ஃபாரஸ்ட் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். அங்கே ஒரு கதை பிறந்தது. பள்ளிக் கட்டடத்தின் முகப்பில் எத்தனை செங்கல் என்று பையன்கள் கேட்க, டொனால்ட் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென எண்ணிக்கையைச் சொன்னான் என்று! தலைமுறை தலைமுறையாக ஊரே இதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பல ஆண்டுகள் கழித்து, ஜான் டான்வன், கேரன் ஜக்கர் என்ற இரு பத்திரிகையாளர்கள் ஃபாரஸ்ட்டுக்குப் போய் டொனால்டைத் தேடிப்பிடித்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2010-ல் வந்தது. பிறகு புத்தகமும் ஆவணப்படமும் வந்தன. செங்கல் கதையை அவரிடமே கேட்டபோது, எண்ணவே இல்லை, வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார். ஏன்? அந்தப் பையன்கள் தன்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க வேண்டும் என்பதற்காக!

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்கள் தேவையில்லை, தனி உலகத்தில் இருப்பார்கள் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். தமிழில்கூட ‘மன இறுக்கம்’ என்று ஒரு பெயரை வைத்து, மனசே பூட்டிக் கிடப்பதுபோல ஒரு தோற்றத்தை உண்டாக்கிவிட்டோம். மருத்துவ உலகின் முதல் ஆட்டிசப் பிள்ளை, சக மாணவர்களுக்குத் தன்னைப் பிடிக்க வேண்டுமே என்று ஏங்கியிருக்கிறான்.

பள்ளிக்குப் பிறகு அருகிலிருந்த ஈஸ்ட் சென்ட்ரல் கல்லூரி. அடுத்து ஜாக்சன் நகரத்தின் மில்சாப்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு படித்து, 1958-ல் பட்டம். ஊருக்குத் திரும்பி, தாய்வழிக் குடும்பத்தின் வங்கியில் கேஷியர் வேலை. எண்களோடு பழக வேண்டிய வேலை என்பதால் அதுவும் பொருந்திப்போனது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. பொதுவாக ஆட்டிசம் என்றாலே ‘சீக்கிரம் கண்டுபிடியுங்கள், ஆறு வயதுக்குள் எல்லாம் செய்துவிடுங்கள்’ என்றுதான் காதில் விழும். சீக்கிரம் தொடங்குவது நல்லதுதான். ஆனால், ஆறு வயதோடு கதவு மூடிவிடும் என்ற பயத்தையும் அது சேர்த்தே விற்கிறது. டொனால்ட் கோல்ஃப் ஆடக் கற்றது இருபது வயதைத் தாண்டி. கார் ஓட்டக் கற்றது 27 வயதில். வெளிநாடுகளுக்குத் தனியாகப் போகத் தொடங்கியது அதற்கும் பிறகு. எகிப்து, துருக்கி என்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார். எங்கே போனாலும் ஒரு வாரம் தங்க மாட்டார். ஆறு நாளைக்குள் ஃபாரஸ்ட்டுக்குத் திரும்பிவிடுவார்.

நண்பர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் வைத்திருந்தார். பார்த்ததும் பெயருக்குப் பதில் அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எண் கிடைத்தவர்களுக்கு அது ஒரு பெருமை. 1980-ல் அப்பாவும் 1985-ல் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகும் அதே வீட்டில், அதே ஊரில் நிம்மதியாக வாழ்ந்தார். ‘எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ எந்த நாட்டுப் பெற்றோரானாலும் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. டொனால்ட் விஷயத்தில் அதற்கு விடையாக ஒரு ஊரே இருந்தது. அவரைப் பற்றி எழுத வந்த பத்திரிகையாளர்களை, ‘அவர் மனசு நோகிற மாதிரி ஏதாவது எழுதினால் உங்களைச் சும்மா விடமாட்டோம்’ என்ற பொருளில் ஊர்க்காரர்கள் சிலர் தனித்தனியே எச்சரித்தார்களாம்!

எல்லோருக்கும் இது கிடைத்ததா?

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் சுகமாக இருக்கும். ஆனால், அது பாதி உண்மைதான்.

இதே ஃபாரஸ்ட்டில், டொனால்டுக்கு 28 ஆண்டுகள் முன்பு, 1905-ல் பிறந்த இன்னொருவர் ஆர்தர் கிரடப். கறுப்பினப் பாடகர். எல்விஸ் பிரெஸ்லி 1954-ல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் இருக்கும் பாட்டு, முதலில் கிரடப் எழுதிப் பாடியது. தனக்குச் சேரவேண்டிய பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார். இவருக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு எதுவுமில்லை. ஆனால், ஊர் யாரை அணைத்துக்கொண்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று புரிந்துகொள்ள இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டொனால்ட் படித்த காலத்து மிசிசிப்பியில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. அப்படியொரு வீட்டில் டொனால்ட் போல ஒரு பிள்ளை பிறந்திருந்தால், 33 பக்கக் கடிதமும் பால்டிமோர் பயணமும் நடந்திருக்குமா? கேனரின் 11 குழந்தைகளில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. ஆட்டிசம் தோல் நிறம் பார்ப்பதில்லை. அதைக் கண்டுபிடிப்பவர்கள் பார்த்தார்கள்.

அந்த 11 பேரிலும் எல்லோரும் டொனால்ட் ஆகவில்லை. 1971-ல் கேனர் அவர்களைத் தேடிப்போய் விசாரித்து எழுதினார். அரசு மனநல விடுதிகளுக்குப் போனவர்கள் கற்றதையும் இழந்து ஒடுங்கிப்போயிருந்தார்கள். விடுதியில் சேர்ப்பது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்றே அவர் முடிவுக்கு வந்தார். அதாவது, ஒரே மாதிரித் தொடங்கிய பிள்ளைகளின் வாழ்க்கை எங்கே வளர்ந்தார்கள் என்பதைப் பொறுத்து இவ்வளவு மாறியிருந்தது.

பணமும் சொந்த வங்கியும் பொறுமையான பண்ணைக்காரரும் அமையாத பிள்ளைக்கு இதெல்லாம் கிடைக்க வழி உண்டா? அதை அரசாங்கமே செய்து பார்த்த இடத்துக்குப் போக, ஃபாரஸ்ட்டிலிருந்து வடகிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். அட்லாண்டா வழியாக வட கரோலினா மாநிலத்தின் சேப்பல் ஹில்.

கண்ணாடிக்குப் பின்னால் அம்மா

சேப்பல் ஹில் பல்கலைக்கழக ஊர். அமெரிக்காவில் முதன்முதலாக மாணவர்களைச் சேர்த்த அரசுப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் படித்த இடம். டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, எல்லோருக்கும் இலவசம். பக்கத்தில் கேரி, மோரிஸ்வில் ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கேரி வெங்கடேஸ்வரர் கோயிலில் 2022-ல் எழுப்பிய 87 அடி ராஜகோபுரத்தைப் பார்க்காமல் அங்கிருக்கும் உறவுக்காரர்கள் யாரையும் திரும்ப விடுவதில்லை.

இந்த ஊருக்கு 1964-ல் வந்து சேர்ந்தார் எரிக் ஷாப்ளர். ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி, 1938-ல் சிறுவனாகக் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். படித்தது சிகாகோவில். அங்கே அப்போது கொடிகட்டிப் பறந்தவர் புருனோ பெட்டல்ஹெய்ம். ஆட்டிசத்துக்குக் காரணம் அம்மாக்கள்தான், அன்பில்லாத அம்மாவிடமிருந்து பிள்ளையைப் பிரித்தால்தான் தேறும் என்பது அவர் கட்சி. ‘ஃபிரிட்ஜ் அம்மா’ என்றே ஒரு வசைச்சொல் புழங்கியது. கேனரும் ஒரு காலத்தில் இந்தத் தொனியில் எழுதியவர்தான். 1969-ல் பெற்றோர் கூட்டத்தில் நின்று, உங்கள் மேல் குற்றமில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். பிள்ளை பேசவில்லை என்ற துக்கம் ஒருபக்கம், ‘உன்னால்தான்’ என்ற பழி இன்னொரு பக்கம். இருபது வருடத்துக்கு மேல் அம்மாக்கள் இதைச் சுமந்தார்கள். நம் வீடுகளிலும் ‘நீ வேலைக்குப் போனதால்தான்’, ‘டிவி பார்க்க விட்டதால்தான்’ என்று சொல்லும் மாமியார்கள் இல்லாமலா போய்விட்டார்கள்?

ஷாப்ளர் இதை அப்படியே திருப்பிப் போட்டார். ராபர்ட் ரைக்லர் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1966-ல் ஒரு திட்டம் தொடங்கினார். ஒரு அறையில் குழந்தையும் பயிற்சியாளரும். நடுவில் ஒருபக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து, எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று பார்ப்பார்கள். அடுத்து இடம் மாறும். அம்மா உள்ளே போய்ப் பிள்ளைக்குச் சொல்லித்தருவார்; நிபுணர் வெளியே உட்கார்ந்து கவனிப்பார். நோய்க்குக் காரணம் என்று குற்றம்சாட்டப்பட்டவர், சக ஆசிரியர் ஆனார்!

பெற்றோர் சும்மா இருக்கவில்லை. மாநில சட்டமன்ற உறுப்பினர்களை விடாமல் போய்ப் பார்த்தார்கள். 1972-ல் வட கரோலினா சட்டமன்றம் இதை மாநிலம் முழுவதற்குமான நிரந்தரத் திட்டமாக்கியது. அதன் பெயர்தான் டீச். குறைபாடுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும் என்ற அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் வந்ததே 1975-ல்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இடது கூடை, வலது கூடை

டீச் வகுப்பறை பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். மேஜையின் இடதுபக்கம் ஒரு கூடை, அதில் செய்ய வேண்டிய வேலை. வலதுபக்கம் இன்னொரு கூடை, முடித்ததைப் போட. இடது காலியானால் வேலை முடிந்தது. சுவரில் அன்றைய அட்டவணை. எழுத்து தெரியாத பிள்ளைக்குப் படம். படமும் புரியாத பிள்ளைக்குப் பொருள். ஸ்பூனைக் கையில் கொடுத்தால் சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம்.

பிள்ளைக்கு நான்கு கேள்விகளுக்கு விடை கண்ணாலேயே தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். என்ன வேலை? எவ்வளவு? முடிந்தது என்று எப்படித் தெரியும்? அடுத்து என்ன? வாய்வார்த்தை காற்றில் கரைந்துவிடும். படம் அங்கேயே இருக்கும். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாத பதற்றத்தில்தான் பல பிள்ளைகள் கத்துகிறார்கள், கையைக் கடித்துக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரம் ‘கரன்ட் எப்போது வரும்’ என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

மூன்று வயதில் கற்ற இந்தக் கூடைப் பாடம் முப்பது வயதிலும் கூடவே வருகிறது. நூலகத்தில் புத்தகம் அடுக்குபவருக்கு அது ஒரு தள்ளுவண்டி. கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவருக்கு இரண்டு ஃபோல்டர். போன் வந்த பிறகு சுவர் அட்டவணை பாக்கெட்டுக்குள் போய்விட்டது. 1989 முதல் பெரியவர்களுக்கு வேலை தேடித்தந்து, வேலையிடத்தில் கூடவே நின்று பழக்கும் பிரிவையும் டீச் நடத்திவருகிறது. பள்ளி முடித்து வேலைக்கோ கல்லூரிக்கோ போகும் வயதினருக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. அமெரிக்காவில் பள்ளிச் சேவைகள் 21 வயதோடு சட்டென நின்றுவிடும். அங்கே பெற்றோர்கள் அதை மலைமுகட்டிலிருந்து விழுவதற்கு ஒப்பிடுகிறார்கள்.

சேப்பல் ஹில்லில் சில பெற்றோர்கள் சேர்ந்து 2007-ல் ‘எக்ஸ்ட்ராடினரி வென்ச்சர்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வேலை தேடி அலைவதைவிட வேலையை உண்டாக்குவோம் என்ற முடிவு. துணி துவைத்து மடித்துத் தருவது, மெழுகுவத்தி செய்வது, அந்த இலவச டவுன் பஸ்களைச் சுத்தம் செய்வது என்று ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள்.

குறை இல்லாமலும் இல்லை. டீச் முறையின் பலன் பற்றி வந்த ஆய்வுகள் ‘பலன் உண்டு, ஆனால் மாயம் இல்லை’ என்ற அளவில்தான் சொல்கின்றன. கூடையிலும் ஆபத்து உண்டு. நட்டு, போல்ட்டைப் பிரித்துப்போடும் வேலையை ஐந்து வயதில் கொடுத்தால் பாடம். அதையே ஐம்பது வயது வரை கொடுத்துக்கொண்டிருந்தால் அது பொழுதைப் போக்குவதுதான். இந்த முறை சோம்பேறி ஆசிரியர் கையில் சிக்கினால் அப்படித்தான் ஆகும். டொனால்டுக்கு யாரும் ஆயுள் முழுக்கச் சோள வரிசையையே எண்ணக் கொடுக்கவில்லை. வரிசையிலிருந்து வங்கிக்கும், வங்கியிலிருந்து இஸ்தான்புல்லுக்கும் போக வழிவிட்டார்கள்.

எதிர்முகாம் ஒன்றும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஐவர் லோவாஸ் 1987-ல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 40 மணி நேரப் பயிற்சியால் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளைப் போலவே ஆக்கிவிடலாம் என்ற நம்பிக்கையைப் பரப்பியது. பெற்றோர்கள் அதைத் தேடி ஓடியதைக் குறைசொல்ல முடியாது. ஆனால், அப்படி வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், இயல்பாக இருப்பதுபோல் நடிக்கத்தான் கற்றோம், அதற்கு நாங்கள் கொடுத்த விலை அதிகம் என்று இப்போது பேசுகிறார்கள். பிள்ளையை உலகத்துக்கு ஏற்ப வளைப்பதா, உலகத்தைக் கொஞ்சம் பிள்ளைக்கு ஏற்ப அடுக்கி வைப்பதா? சேப்பல் ஹில் இரண்டாவது பக்கம் நின்றது. ஆட்டிசத்தை ஒரு தனிப் பண்பாடாகப் பாருங்கள், ஆசிரியர் இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளராக இருக்கட்டும் என்றார்கள் ஷாப்ளரும், அவருக்குப் பின் பொறுப்பேற்ற கேரி மெசிபோவும்.

79 ஏக்கர்

சேப்பல் ஹில்லிலிருந்து தெற்கே சுமார் அரை மணி நேரம் போனால் பிட்ஸ்பரோ. அதை ஒட்டிய கிராமப் பகுதியில் 79 ஏக்கர் நிலத்தில் இருக்கிறது ‘கரோலினா லிவிங் அண்ட் லேர்னிங் சென்டர்’. 1990-ல் டீச் தொடங்கிய இடம். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் குடியிருந்து, வேலை செய்து, கற்றுக்கொண்டே இருக்கும் பண்ணை. இது மனிதர்களின் வீடு. நினைத்தபோது போய் எட்டிப் பார்க்கும் சுற்றுலாத் தலம் அல்ல.

தோட்ட வேலை, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது. இவைதான் பாடங்கள். காய்கறிப் பாத்தியில் எத்தனை நாற்று நட வேண்டும் என்பது எண்ணி வைத்த தட்டிலேயே தெரியும். தட்டு காலியானால் வேலை முடிந்தது. அடுத்து என்ன என்று ஒவ்வொருவருக்கும் தனி அட்டவணை. ஒருவருக்கு எழுத்தில், ஒருவருக்குப் படத்தில். பேச்சே இல்லாதவர்களும் இங்கே நாள் முழுக்கப் பிறர் உத்தரவுக்குக் காத்திருக்காமல் தாங்களாகவே ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குப் போக முடிகிறது. சட்டை மடிப்பதும் வெங்காயம் நறுக்குவதும் படிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. டீச்சில் குழந்தைகளாகப் பதிவானவர்களை, அவர்கள் நடுவயதை எட்டிய பிறகு தேடிப்போய் விசாரித்தது இப்போதைய இயக்குநர் லாரா கிளிங்கரின் குழு. பலர் இன்னும் பெற்றோரோடுதான் வசிக்கிறார்கள். அன்றாடக் காரியங்களைத் தானே செய்யத் தெரிந்தவர்களுக்கு வேலையும் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கண்டது. வெங்காயம் நறுக்குவது படிப்புதான்.

1990-ல் 25 வயதில் இங்கே குடிவந்த ஒருவருக்கு இப்போது அறுபது. இனி கற்க வேண்டியவை வேறு. ரத்த அழுத்தம் பார்க்க வரும்போது கையை நீட்டிக்கொண்டு அசையாமல் இருப்பது, எங்கே வலிக்கிறது என்று படத்தில் தொட்டுக்காட்டுவது, மூட்டுவலியோடு தோட்ட வேலையைக் குறைத்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் அப்பா இனி வர மாட்டார் என்பதையும் ஏதோ ஒரு விதத்தில் அட்டவணையில் சொல்லியாக வேண்டும். ஆட்டிசத்தோடு முதுமையடைவது பற்றிய ஆராய்ச்சியே உலகில் இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது. அதனால், இங்கே பராமரிப்பாளர்கள் பல விஷயங்களைச் செய்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

79 ஏக்கரில் குடியிருப்பவர்கள் இருபது பேருக்கும் குறைவு. வட கரோலினாவின் மக்கள்தொகையோ ஒரு கோடிக்கு மேல். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே உதவி பெறும் அரசுத் திட்டத்துக்கும் அங்கே காத்திருப்போர் பட்டியல் ஆயிரக்கணக்கில் நீள்கிறது. பெயர் வர ஆண்டுக்கணக்காகும். பிள்ளைக்கு ஆட்டிசம் என்று உறுதியான உடனே பட்டியலில் பதிந்து வையுங்கள் என்றுதான் அங்கே ஒரு பெற்றோர் இன்னொரு பெற்றோருக்கு முதலில் சொல்கிறார்.